புரதங்களை நிறுத்தவர்கள்

நெஞ்சு நோவென்று வருபவரின் இரத்தத்தில் வைத்தியர்கள் தேடும் ட்ரோபோனின் ஒரு புரதம். கல்லீரலுக்கும் கண்ணுக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. அங்கு வேலை செய்யும் புரதங்கள்தாம் வேறு. புரதங்களைச் சிதைக்காமல் அயனாக்கி நிறுக்க வழி கண்ட ஜோன் ஃபென், கொய்ச்சி தனாக்கா இருவரும் 2002இல் இரசாயன நொபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

அதே ஆண்டில் பெங்களூரில் உயிர்த்தகவலியல் நிறுவனத்தைத் தொடங்கினார் அகிலேஷ் பாண்டே. பூனேயில் வைத்தியம் படித்து, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர் அவர். இரு இடத்துக் குழுக்களும் 30 வகை மனித இழையங்களிலும் கலங்களிலும் இருந்த புரதங்களை நொதியத்தால் துண்டாக்கித் திணிவு நிறமாலைமானியில் அளந்தன. 17,294 பரம்பரையலகுகளின் புரதங்கள் இனங்காணப்பட்டன. 2014 மே மாதம் 'நேச்சர்' இதழில் அந்த வரைபடம் வெளிவந்தது; மியூனிக் குழுவொன்றின் வரைபடமும் அதே இதழில் வந்தது. பாண்டே குழுவின் கட்டுரையில் இரண்டாவது பெயர், பெங்களூர் ஆய்வாளர் சினேகா பின்டோ.

அப்படியொரு பெயர் லிந்துலைத் தோட்டமொன்றிலிருந்தும் எழலாம். ஆனால் மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் இன்றும் குறைவு. சகோதரிகளே, நூற்றாண்டில் நாம் கொடுப்பதில் முதற்பங்கு தங்கைமாரின் ஆய்வுகூடத்துக்குப் போகட்டும்.