மின்னஞ்சலின் இரண்டு பூட்டுகள்

அம்பாங் பெச்சா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி, ஐந்தாம் நாளே கண் கலங்கி வந்து நின்றாள். "சார், வருகிற மின்னஞ்சல் ஒழுங்காக வருகிறது. நான் அனுப்புவதுதான் போகவில்லை. கணினியை நான் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்றாள்.

அவள் எதையும் கெடுக்கவில்லை. கடவுச்சொல்லில் ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான். ஆனால் ஒரே பிழை வரும் கடிதத்தை விட்டுவிட்டு, போகும் கடிதத்தை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961இல் செய்து காட்டினர். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க, அம்முறையில் ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. அப்போது திரை இல்லை. தட்டுவதெல்லாம் காகிதத்தில் அச்சாகும். கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் அச்சை நிறுத்திவிடுவார்கள். இன்று எழுத்துக்குப் பதில் புள்ளிகள் தெரிவதும் அதே ஏற்பாடுதான். அயலார் கண்ணுக்கு மறைத்தது, தட்டுபவர் கண்ணுக்கும் மறைந்துவிட்டது!

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். நம் தோட்டங்களில் அந்நாளில் கடிதம் எப்படி வந்தது? அலுவலக முகவரிக்கு வரும்; கிராணி பெயர் கேட்டுத்தான் கொடுப்பார். அனுப்புவதற்கோ, பட்டணத்துத் தபால் பெட்டியில் யார் வேண்டுமானாலும் போடலாம். நீ யார் என்று அந்தப் பெட்டி கேட்காது.

மின்னஞ்சலும் அப்படியே தொடங்கியது. ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்ட அனுப்பும் விதியில் கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை. 1984இல் வந்த பெற்றுக்கொள்ளும் விதியோ பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அன்று வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளரும், ஒருவரையொருவர் நம்பினர். 1990களில் வணிகர் புகுந்தனர். திறந்து கிடந்த அந்தப் பெட்டிகளின் வழியே விளம்பரக் குப்பை மலைபோல் குவிந்தது. அதன் பிறகே, 1999இல், அனுப்பும் வாசலுக்கும் பூட்டுப் போடும் விதி வந்தது.

பின்னால் வந்த பூட்டு ஆதலால், பல மின்னஞ்சல் மென்பொருள்களில் அதற்குத் தனி இடம். கடவுச்சொல்லை இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். நம் பெண் வரும் வாசலில் திருத்திவிட்டாள். போகும் வாசலில் பழைய பிழை அப்படியே கிடந்தது. மென்பொருள் அதை நினைவில் வைத்து, விசுவாசமான வேலையாள் போல ஒவ்வொரு முறையும் அதே தவற்றை நீட்டிக்கொண்டிருந்தது.

திருத்துவது எளிது. கணக்கு அமைப்புப் பகுதிக்குப் போய், அனுப்பும் சேவையகத்துக்குரிய இடத்தில் பழைய கடவுச்சொல்லை முழுவதும் அழித்துவிட்டு, புதிதாகத் தட்ட வேண்டும். பெரிய எழுத்துப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவளுடைய பிழைக்குக் காரணம் அதுவே. கண் போன்ற குறி இருந்தால், பக்கத்தில் ஆளில்லாதபோது அதை அழுத்தி, எழுதியதைப் படித்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப முயன்று பார்ப்பது மட்டும் வேண்டாம். சில தடவை தவறினால் கணக்கையே பூட்டிவிடும் அலுவலகங்கள் உண்டு.

மறுநாள் காலை இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. தேங்கிக் கிடந்த அறிக்கைகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின என்று மாலையில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.