சந்தை ஊர்களில் ஒரு வார இறுதி

பணியின் பொருட்டு இங்கிலாந்தில் குடியேறிய அயலவருக்கு வெயில் காயும் வார இறுதி ஒரு கொடை. கோட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப்பகுதியில் ஒரே நாளில் மூன்று சிற்றூர்களை நிதானமாகச் சுற்றி வரலாம். ஊர்கள் இவ்வளவு அருகருகே அமைந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

பிராக்டன் பெயரால் வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சட்டநூல், புதிய சந்தை பழைய சந்தையிலிருந்து 6⅔ மைலேனும் தள்ளியிருக்க வேண்டும் என்றது. ஒரு நாள் பயணம் 20 மைல். அந்நாளில் போவதற்கு ஒரு பங்கு, கொள்வினை கொடுப்பினைக்கு ஒரு பங்கு, வீடு திரும்ப ஒரு பங்கு என்பது கணக்கு. சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்டன் முதலிய பெயர்களிலுள்ள 'சிப்பிங்' சந்தையையே குறிக்கும். கேம்டனில் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் 1627இல் கட்டுவித்த சந்தை மண்டபம் இன்றும் நிற்கிறது.

தேன் நிறக் கல் வீடுகளுக்குப் பின்னே கம்பளி வணிகம் ஈட்டிய செல்வம் உள்ளது, குருதியும் உள்ளது. 1649 மே மாதம், தம் படையிலேயே கலகம் செய்த லெவலர் வீரர்கள் சுமார் 340 பேரை க்ராம்வெல் பர்ஃபோர்டு தேவாலயத்தில் சிறைவைத்தார். ஊதிய நிலுவை கேட்டவர்கள். அயர்லாந்துப் போருக்குச் செல்ல மறுத்தவர்கள். வாக்குரிமை பரவலாக வேண்டும் என்ற இயக்கத்தினர். மே 17 அன்று மூவர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தோணி செட்லி என்னும் கைதி, திருமுழுக்குத் தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரையும் ஆண்டையும் கீறிவைத்தான்.

பர்ஃபோர்டு செல்லும் நண்பர்கள், தேநீர்க் கடைக்குத் திரும்புமுன் அவ்வெழுத்துகளைக் குனிந்து பார்க்க வேண்டும். ஊரின் அழகைக் கட்டியவர்களின் பெயர்கள் மண்டபங்களில் உள்ளன. தோற்றவனின் பெயர் அங்கு மட்டுமே உள்ளது.