ஸ்காபரோ-ரூஜ் றிவர்: ஒரு தொகுதியின் ஆயுள்

ஒன்ராறியோ சட்டமன்றத்தில் ஒருகாலத்தில் 130 இடங்கள். மைக் ஹாரிஸின் கன்சர்வேடிவ் அரசு அவற்றை 103 ஆக்கி, மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளையே மாகாணத்துக்கும் வைத்தது. 1999 தேர்தலில் ஸ்காபரோ-ரூஜ் றிவர் மாகாணத் தொகுதியானது அப்படித்தான். தமிழரும் சீனரும் கரீபியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ரொறன்ரோவின் வடகிழக்கு மூலை அது.

முதல் உறுப்பினர் ஜமைக்காவில் பிறந்த அல்வின் கர்லிங், லிபரல் கட்சி. 1985 முதல் பழைய ஸ்காபரோ நோர்த் தொகுதியில் வென்றுவந்தவர். 1995 டிசம்பரில் ஹாரிஸ் அரசின் 26ஆம் இலக்க மசோதாவை எதிர்த்த கர்லிங், அவையை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டும் எழுந்திருக்கவில்லை. இரவு முழுக்க இருக்கையிலேயே இருந்தார். எதிர்க்கட்சியினர் அவரைச் சூழ்ந்து அரண்போல நின்றார்கள். அதே அவைக்கு 2003இல் அவர் சபாநாயகரானார்.

2005இல் கர்லிங் தூதராகப் போனபின் இடைத்தேர்தலில் பாஸ் பல்கிசூன் வென்றார். 2016 வரை தொகுதி லிபரல் கையிலேயே இருந்தது. ஆனால் அடிமண் அசையத் தொடங்கிவிட்டது. 2011 மே மாதம் இதே பெயருள்ள மத்திய தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். அவ்வாண்டு ஒக்டோபர் மாகாணத் தேர்தலில் அவருடைய என்.டி.பி. கட்சியின் நீதன் ஷான் இரண்டாமிடம் பிடித்தார்.

பல்கிசூன் விலகியதால் 2016 செப்டம்பர் 1 அன்று இடைத்தேர்தல் வந்தது. லிபரலில் பிரகல் திரு, என்.டி.பி.யில் நீதன் ஷான், கன்சர்வேடிவ் தரப்பில் கொரியாவில் பிறந்த முதுபெரும் நகரசபை உறுப்பினர் ரேமண்ட் சோ. பள்ளிப் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தைத் தூக்கிவிடுவோம் என்று கன்சர்வேடிவ் தலைவர் பட்ரிக் பிரவுணின் பெயரில் வீடுகளுக்குக் கடிதம் போனது. வாக்குப்பதிவுக்கு முன்பே அது தவறு என்றார் அவர். இருந்தும் சோ வென்றார். தமிழர் இருவர் நின்று வாக்கைப் பிரித்துவிட்டார்கள் என்ற புலம்பலை நான் ஏற்கமாட்டேன். ஒரே இனத்துக்குள் இரண்டு அரசியல் இருப்பது குறையல்ல, வளர்ச்சி. சோ விட்டுப்போன நகரசபை இடத்தை 2017 பெப்ரவரியில் நீதன் ஷானே வென்றார்.

2018இல் எல்லைகள் மறுபடி வரையப்பட, தொகுதி மறைந்தது. மேற்குப் பக்கம் ஸ்காபரோ நோர்த் என்ற பழைய பெயருக்கே திரும்பி சோவைத் தேர்ந்தது. கிழக்குப் பக்கம் சேர்ந்த ஸ்காபரோ-ரூஜ் பார்க்கில் கன்சர்வேடிவ் வேட்பாளர் விஜய் தணிகாசலம் வென்றார். அவர் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வார மசோதாவை 2021 மே மாதம் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றியது.