எண்ணும் எதிராளியும்

தரத்தை எண்ணால் சொல்ல முடியுமா என்ற கேள்வி நமக்குப் பழக்கமானதுதான். க.நா.சு. பட்டியல் போட்டபோது வந்த கோபங்களில் பெரும்பகுதி, யார் விட்டுப்போனார்கள் என்பதைப் பற்றிய கோபம். பட்டியல் என்ற காரியத்தையே சந்தேகித்தவர்கள் குறைவு. இலக்கியத்தில் இந்தச் சண்டை தீரப்போவதில்லை. இரண்டு கவிஞர்களை எதிரெதிரே உட்காரவைத்து யார் ஜெயிக்கிறார் என்று பார்க்க முடியாது. செஸ்ஸில் பார்க்க முடியும். தர எண் என்ற சங்கதி செஸ்ஸில் உருப்பெற்று, பிறகு கம்ப்யூட்டரில் ஆடும் யுத்த விளையாட்டுகளுக்குள் போனதற்குக் காரணம் அதுதான். போன இடத்தில் அந்த எண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்கு விமர்சனத்தைப் பற்றிய பிரச்னையாகவே படுகிறது.

ஆர்பட் எலோ ஹங்கேரியில் 1903இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். மில்வாக்கி நகரத்தில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் போதித்தார். விஸ்கான்ஸின் மாகாணத்தின் செஸ் சாம்பியனாக எட்டு முறை வந்தவர். பௌதிகக்காரர் என்பது முக்கியம். அளவிடுவதில் உள்ள பிழையும் அளவின் ஒரு பகுதிதான் என்பது அவர்களுக்குத் தொழில் தர்மம். அமெரிக்கச் செஸ் சம்மேளனம் அதற்கு முன் கென்னத் ஹார்க்னெஸ்ஸின் முறையை வைத்திருந்தது. பந்தயத்தில் நீ சந்தித்தவர்களின் சராசரியை எடு. பாதிக்குமேல் ஜெயித்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் பத்துப் புள்ளி கூட்டு, குறைந்தால் கழி. மளிகைக் கடைக் கணக்கு. கடை நடக்கும் வரை போதும். 1960இல் அந்த இடத்தில் எலோவின் முறை வந்தது. 1970இல் சர்வதேச சம்மேளனமான ஃபிடே அதை ஏற்றுக்கொண்டது.

எலோ செய்தது என்ன? ஓர் ஆட்டக்காரனின் திறமை நிலையான ஒரு பொருள் அல்ல என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாள் நன்றாக ஆடுவான், ஒரு நாள் சொதப்புவான். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நடு உண்டு. இரண்டு பேரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வைத்து, யார் எவ்வளவு ஜெயிக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லலாம். 200 புள்ளி வித்தியாசம் என்றால் பலசாலிக்கு நூற்றுக்கு 76. 400 என்றால் 91. ஆட்டம் முடிந்தபின், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் ஒரு பங்கு எண்ணில் சேரும் அல்லது கழியும். ஆட்டத்துக்கு அதிகபட்சம் இருபது புள்ளி என்று வைத்துக்கொண்டால், தன்னைவிட 200 குறைந்தவனை ஜெயித்தவனுக்கு ஐந்து கிடைக்கும். தோற்றால் பதினைந்து போகும். இருவருக்கும் அந்த அதிகபட்சம் ஒன்றாக இருந்தால், ஒருவன் இழந்ததுதான் மற்றவன் பெற்றது. புள்ளி வானத்திலிருந்து விழாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

கணக் கோட்பாட்டின் மூலவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ஸெர்மெலோ, 1924 நியூயார்க் பந்தயத்தின் முடிவுகளை வைத்து, 1929லேயே ஏறக்குறைய இதே யோசனையை எழுதிவிட்டார். செஸ் உலகம் கண்டுகொள்ளவில்லை. முன்னோடிகளுக்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது.

எலோவுக்குத் தன் எண்ணின் மேல் மயக்கம் இல்லை. ஆட்டக்காரனை அளப்பது, தண்ணீரில் எழும்பித் தாழும் தக்கையை, காற்றிலாடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதை வாசித்தவர்கள் குறைவு. எண்ணை வாசித்தவர்கள் அதிகம்.

எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் எல்லோருடனும், குறைந்தது ஒரு சங்கிலியாகவாவது, ஆடியிருக்க வேண்டும். தனித்தனிக் குளங்களாகப் பிரிந்துவிட்டால் ஒவ்வொரு குளத்திலும் 2000 என்பது வேறு வேறு பொருளாகிவிடும். இதற்கு இரண்டு சாட்சிகள். அமெரிக்காவின் விர்ஜீனியா சிறையில் கொலைக் குற்றத்துக்காக அடைபட்டிருந்த க்ளாட் ப்ளட்குட், சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1996 வாக்கில் 2700க்குமேல் போய், அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கருகே வந்துவிட்டார். அவர் ஏமாற்றினாரா, இல்லை மூடிய குளத்தின் கணக்கு அவரைத் தானாகத் தூக்கியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சூத்திரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

மற்றது இவ்வளவு வேடிக்கையானதல்ல. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களுடைய எண்கள் உண்மையைவிடக் குறைவாக இருக்கின்றன என்று ஃபிடே முடிவு செய்து, 1987 ஜனவரிப் பட்டியலில் பெண்கள் எல்லோருக்கும் நூறு புள்ளி கூட்டியது, ஒருவரைத் தவிர. ஹங்கேரியின் சூஸன் போல்கார் ஆண்களோடு ஆடியே தன் எண்ணைச் சம்பாதித்திருந்ததால் அவருக்குத் திருத்தம் வேண்டாமாம். பதினைந்தாவது வயதில், 1984இல், பெண்களில் முதலிடத்துக்கு வந்தவர் ஓர் ஆட்டமும் தோற்காமல் அந்த இடத்தை இழந்தார். குளங்கள் விலகிப்போகும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்குப் பரிகாரம் அதிகமான ஆட்டங்கள். பலகைக்கு வெளியே எடுத்த தீர்மானம் அல்ல. தவிர, குளத்தைவிட்டு வெளியே வந்து ஆடிய ஒரே குற்றத்துக்காக ஒருவரைத் தண்டித்ததைக் கணிதம் என்று சொல்வது கணிதத்தை அவமதிப்பது.

இதுவரை எண் பார்வையாளன். ஆட்டம் நடக்கும், எண் பின்னால் வந்து குறித்துக்கொள்ளும், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை பட்டியல் அச்சாகும். 1992இல் இன்டர்நெட் செஸ் சர்வர் தொடங்கியபின் நிலைமை மாறியது. ஆட்டம் முடிந்ததும் எண் மாறிவிடும். யுத்த விளையாட்டுகள் இன்னொரு அடி வைத்தன. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டின் ஏணியில் எதிராளியை ஆட்டக்காரனே தேடிக்கொண்டான். ஆகவே இளைத்தவனாகப் பார்த்துத் தேடினான். பலசாலிகளோடு யாரும் ஆட வராததால், அவர்கள் அதற்கு முன்பே, வார்கிராஃப்ட் இரண்டாம் பாகத்தின் காலத்திலேயே, கார்ட்டூன் பாத்திரங்களான ஸ்மர்ஃப்களின் பெயரில் ஒளிந்துகொண்டு ஆடத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒளிந்து ஆடுகிறவனுக்கு 'ஸ்மர்ஃப்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 2002இல் வார்கிராஃப்ட் மூன்றாம் பாகம் பொத்தானை அழுத்தச் சொன்னது. எதிராளியை இயந்திரம் தேர்ந்தெடுக்கும்.

எண் இப்போது சாட்சி அல்ல, தரகன். நல்ல தரகனின் லட்சியம், நீ பாதி ஜெயித்துப் பாதி தோற்கும்படியான ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது. அதாவது நீ எவ்வளவு தேறினாலும், தேறியதை நீ உணரக் கூடாது. நேற்று பாதி தோற்றாய். ஒரு வருஷம் உழைத்தபின் இன்றும் பாதி தோற்கிறாய். எதிரே இருப்பவன் மாறியிருக்கிறான், அவ்வளவுதான். கொள்கையளவில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. மனிதனால் தாங்க முடியாத ஏற்பாடும் இதுதான்.

தாங்க முடியாது என்று கம்பெனிகளுக்குத் தெரியும். அங்கேதான் எண் இரண்டாகப் பிளந்தது. ஜோடி சேர்க்க ஒன்று, ஆட்டக்காரனின் கண்ணுக்கு இன்னொன்று. மைக்ரோஸாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஹெர்ப்ரிக், மிங்கா, க்ரேப்பெல் மூவரும் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில் திறமைக்கு ஒரு மதிப்பும், அந்த மதிப்பின் மேல் உள்ள சந்தேகத்துக்கு ஒரு மதிப்பும் உண்டு. புதியவனுக்கு 25, சந்தேகம் எட்டே சொச்சம். பலகையில் காட்டுவது, திறமையிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்தது. எனவே தொடக்கம் பூஜ்யம். ஆட ஆட சந்தேகம் குறையும், காட்டும் எண் ஏறும். ஆட்டக்காரன் தான் வளர்வதாக நினைப்பான். வளர்ந்தது அவனைப் பற்றி இயந்திரத்துக்கு இருந்த நிச்சயம். இது பொய் அல்ல. ஆனால் பொய்யின் பலனைத் தருகிறது.

2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகம் இன்னும் தாராளம். உண்மையான எண் உள்ளே மறைந்திருக்கும். வெளியே வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று நகைக்கடை வரிசை. ஒவ்வொன்றும் நூறு பேர் கொண்ட சிறு பிரிவுகளாக உடைந்திருக்கும். ஆகவே லட்சக்கணக்கானவர்களில் எங்கோ நிற்கிறவன், தன் பிரிவில் எட்டாவது ஆள் என்று திருப்தியோடு தூங்கலாம். ஆடாமல் இருந்த நாட்களுக்கும் ஊக்கப் புள்ளி சேர்ந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்து ஜெயித்தால், அது தீரும்வரை இரட்டிப்பாகக் கிடைக்கும். எலோ மூடி வைத்த வானத்தைத் திறந்துவிட்டார்கள். பத்திரிகை மதிப்புரைகளை ஒழுங்காக வாசிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. வெளியே சொல்லும் தரம் ஒன்று, யாரோடு யாரை வைத்துப் பேசுகிறோம் என்பதைத் தீர்மானிக்கும் தரம் வேறு.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மறைந்திருக்கும் எண்ணைத் தாங்களே ஊகித்துக் கணக்கிட்டார்கள், அதைக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016இல் காட்டினார்கள். காட்டினால் வரும் வியாதி செஸ்ஸில் பழையது: கிடைத்த எண்ணைக் காப்பாற்ற ஆடாமலே இருந்துவிடுவது. இளைஞர்கள் பலகையைவிடப் புள்ளியைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள் என்று எலோவே கடைசிக் காலத்தில் அலுத்துக்கொண்டதுண்டு, 1992இல் இறந்தார். 1995இல் மார்க் க்ளிக்மன் தன் முறையில் இதற்கு மருந்து வைத்தார். ஆடாத நாட்களில் எண் குறையாது, அதன் மேல் உள்ள சந்தேகம் பெருகும். இணையச் செஸ் பரவலாக ஏற்றுக்கொண்ட இந்த மருந்தை ஃபிடே ஏற்கவில்லை. அங்கே எண் ஆணியடித்தபடி நிற்கும்.

2023 செப்டம்பர்ப் பட்டியலில் சென்னைக்காரர் குகேஷ், சென்னைக்காரர் ஆனந்தை இந்தியாவின் முதலிடத்திலிருந்து இறக்கினார். 1986 ஜூலையிலிருந்து ஆனந்த் இருந்த இடம் அது. ஒரு யுகம் முடிந்தது என்று எழுதினார்கள். முடிந்திருக்கலாம். குகேஷுக்கு 2758, அபூர்வமாக மட்டுமே ஆடிக்கொண்டிருந்த ஆனந்துக்கு 2754. எலோவின் சூத்திரத்தில் நான்கு புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று போட்டுப் பார்த்தேன்: இருவரும் நூறு ஆட்டம் ஆடினால் குகேஷுக்கு ஐம்பதரைப் புள்ளியும் சொச்சமும்.