முறுவலும் சிவந்த வாயும்: ஜெலாப்பாங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஒருவரின் சிரிப்பு அழகுடையது என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதைக் காண்கிறோம்? இவ்வினா பல் மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. பண்பாட்டு வரலாற்றுக்கும் உரியது. பேராக் மாநிலத்தில் ஈப்போவை ஒட்டியுள்ள ஜெலாப்பாங் போன்ற ஊர்களில் இதற்குத் தனிப் பொருளுண்டு. ஈயமும் ரப்பரும் உருவாக்கிய கிந்தா பள்ளத்தாக்கில் தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரின் பல்லழகுக் கருத்துகள் ஒரே சந்தையில் அருகருகே நின்றன.

தமிழில் 'நகை' என்னும் சொல் சிரிப்பையும் பல்லையும் முத்தையும் அணிகலனையும் குறிக்கும். 'முறுவல்' என்பதும் பல்லுக்கும் புன்சிரிப்புக்கும் பொதுவானது. பல்லை விட்டுச் சிரிப்பைத் தனியே பிரித்துக் காணாத ஒரு மொழி மரபு இது எனலாம். சங்க இலக்கியம் மகளிர் பல்லை 'வால் எயிறு' என வெண்மையால் சிறப்பிக்கிறது. 'முள் எயிறு' எனக் கூர்மையாலும் சிறப்பிக்கிறது. இரண்டாவது அடைமொழி நம் கவனத்திற்குரியது. வெண்மையைப் போற்றும் 'முத்துப் பல்' இன்றும் மாணவர் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. கூர்மையோ வழக்கிறந்துவிட்டது. பன்றியின் கோட்டுக்கும் பாம்பின் நச்சுப் பல்லுக்கும் ஆளப்பட்ட அதே 'எயிறு' காதலியின் வாய்க்கும் ஆளப்பட்டதென்றால், பழந்தமிழர் கண்ட அழகு வரிசைமாறாத ஒழுங்கு மட்டுமன்று என்பது தெளிவு. கூரிய சிங்கப்பல்லையும் சற்றே ஏறி நிற்கும் தெற்றுப்பல்லையும் 'களை' என்று சொல்லும் பேச்சுவழக்கில் அப்பழைய சுவையின் எச்சத்தைக் காணலாம் என்பது நம் கருத்து.

மலாய் உலகின் நோக்கு வேறாக இருந்தது. 1900இல் வெளிவந்த தம் நூலில் ஸ்கீட், மலாய்க்காரரின் பல் அராவும் சடங்கை விவரித்துள்ளார். வெண்பல் விலங்குக்குரியது, அராவிக் கறுப்பாக்கிய பல்லே மனிதர்க்குரியது என்னும் எண்ணம் தென்கிழக்காசியாவில் பரவலாக இருந்ததை ஆந்தனி ரீட் 1988ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டுகிறார். எனவே, முதன்முதலில் இம்மண்ணுக்கு வந்த தமிழர், தம் இலக்கியம் போற்றிய வெண்மையைப் பொருட்படுத்தாத ஓர் அழகுலகிற்குள் நுழைந்தனர்.

ஆயினும் தமிழரும் வெண்பல்லரல்லர். கோவலன் உண்டபின் கண்ணகி வெற்றிலைபாக்கு அளித்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தாம்பூலம் இன்றித் திருமணமும் இல்லை, சமாதானமும் இல்லை. இலக்கியம் வெண்பல்லைப் பாட, வாழ்க்கை சிவந்த வாயை வேண்டியது. தோட்டப்புறத்தில் இம்முரண் மேலும் கூர்மையடைந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற பெண்களுக்கு வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சடங்குப்பொருள் மட்டுமல்ல. பசியையும் அயர்வையும் அடக்கும் துணையுமாகும். காலையில் உமிக்கரியால் விளக்கிய பல் நண்பகலுக்குள் மீண்டும் சிவந்தது. ('ஜெலாப்பாங்' என்னும் மலாய்ச் சொல் நெற்களஞ்சியத்தைக் குறிக்கும், உமிக்கும் கரிக்கும் ஏற்ற பெயர்தான்.)

நகரங்களில் தங்கப்பல் செல்வத்தின் அடையாளமாயிற்று. முறையாகப் பயிலாத பல் கட்டுநர் பலர் தொழில் நடத்திய காலம் அது. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் அவர்களில் முன்பே தொழிலில் இருந்தோரைத் தனிப் பிரிவாகப் பதிந்துகொண்டு, புதியோர்க்கு வழியடைத்தது. மறு ஆண்டு, 1949இல், பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி பினாங்கில் தொடங்கியது. இதன்பின் வெண்மை என்பது அழகாக மட்டுமன்றிச் சுகாதாரமாகவும் கற்பிக்கப்பட்டது.

அழகை அளந்தறியும் முயற்சி அண்மையது. பற்களின் அகலம் பொன்விகிதத்தில் அமைய வேண்டுமென லெவின் 1978இல் முன்மொழிந்தார். 1993இல் பிரஸ்டன் அளந்து பார்த்தபோது, முன் நடுப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே அவ்விகிதம் 17 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. கோகிச்சும் அவர்தம் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் பயனுடையது. பல்வரிசையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியபோது பல்சீரமைப்பு வல்லுநர் அதை அழகுக் குறைவாகக் கண்டனர். பொதுமக்களோ அவ்விலகலைக் கண்டுணரவேயில்லை. வல்லுநர் கண் ஒன்று, ஊரார் கண் வேறு. ஊரார் கண்ணிலும் நிறம் எளிதில் படுகிறது. கோட்டம் எளிதில் படுவதில்லை.

தோட்டத்திலிருந்து நகர்ப்புறத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் பாட்டிமார்க்கு நேர்ந்தது இதனால் விளங்குகிறது. அவர்தம் பல் கோணலானது என்று எவரும் நகைக்கவில்லை. கறை படிந்தது என்றே நகைத்தனர். லயத்தில் மங்கலமாக இருந்த சிவப்பு, அடுக்ககத்தில் முந்தானையால் மறைக்க வேண்டியதாயிற்று. அம்முந்தானை வெட்கத்தோடு வேறொன்றையும் மறைத்தது. அன்றைய மலேசிய மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினராகவே இருந்த இந்தியரிடையே வாய்ப்புற்று மிகுந்திருப்பதை 1970களிலேயே இராமநாதனின் ஆய்வுகள் காட்டின. புகையிலை சேர்ந்த வெற்றிலை மெல்லல் புற்றுநோய் உண்டாக்கும் என 1985இலும், புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் அவ்வாறே என 2004இலும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை வகைப்படுத்தியது. பல்லின் கறையைக் கண்டு சிரித்தவர்கள் கன்னத்தின் உட்புறத்து வெண்படலத்தைப் பார்க்கவில்லை. வாயை மூடிச் சிரிக்கக் கற்றுக்கொண்டவரும் அதைக் காட்டவில்லை.