அஸ்ஹரும் ஆலிம் சான்றிதழும்: போதிக்கும் உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இஸ்லாத்தில் குருத்துவம் இல்லை என்பது பலராலும் எடுத்தாளப்படும் கூற்றாகும். அடியானுக்கும் இறைவனுக்கும் இடையே திருநிலைப்படுத்தப்பட்ட குருமார் எவரும் நிற்பதில்லை என்பர். கோட்பாட்டளவில் இது சரியே. ஆயின், 1925ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி கெய்ரோவில் ஷெய்குல் அஸ்ஹரின் தலைமையில் கூடிய மூத்த உலமாக்கள் 24 பேர், மன்ஸூரா நகரில் ஷரீஆ நீதிபதியாகக் கடமையாற்றிய அலி அப்துர் ராஸிக் என்பவரை உலமாக்களின் வரிசையிலிருந்து வெளியேற்றுவதாக ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். குருப்பட்டம் வழங்கும் வழக்கமே இல்லாத ஒரு சமயத்தில், அத்தகையதொரு பட்டத்தைப் பறித்தல் எங்ஙனம் இயலுவதாயிற்று? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா எகிப்துக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் மௌலவி ஒருவரின் பெயரைத் தொடர்ந்து பாகவி, கபூரி, நளீமி, அஸ்ஹரி என ஒரு சொல் வருவதை நாம் அன்றாடம் காண்கிறோம். முதலாவது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தையும், இரண்டாவது மஹரகம கபூரிய்யாவையும், மூன்றாவது 1973இல் பேருவளையில் தொடங்கப்பெற்ற ஜாமிஆ நளீமிய்யாவையும், இறுதியானது கெய்ரோவின் அஸ்ஹரையும் குறிக்கும். அவர் எங்கே கற்றார் என்பதை இச்சொல் அறிவிக்கும். யாரிடம் கற்றார் என்பதை அறிவிக்காது. பழைய ஆலிம்களின் வரலாறுகளைப் புரட்டுவோர் இதற்கு நேர்மாறான நிலையையே காண்பர். அங்கு ஆசிரியர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். கட்டடத்தின் பெயர் வந்தாலும் வரும், வராமலும் போகும். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னர் மத்ரஸாக்களைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துவது பற்றிய விவாதம் எமது நாட்டில் வலுப்பெற்றபோது, இவ்வேறுபாட்டைப் பற்றி எவரும் அதிகம் பேசியதாக எமக்கு நினைவில்லை.

இஜாஸா என்னும் அறபுச் சொல் அனுமதி எனப் பொருள்படும். ஒரு நூலை ஆசிரியரிடம் வாசித்தோ, அவர் வாசிக்கக் கேட்டோ நிறைவு செய்த மாணாக்கனுக்கு, அந்நூலைப் பிறர்க்கு அறிவிக்கும் உரிமையை ஆசிரியர் வழங்குவார். உரிமை அந்நூலுக்கு உரியது. வழங்குபவர் ஒரு மனிதர். 11ஆம் நூற்றாண்டில் பக்தாதின் நிஸாமிய்யா போன்ற மத்ரஸாக்கள் அரசியலாளரின் கொடையால் எழுந்து, ஆசிரியர்க்கு வேதனமும் மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் அளித்தன. அப்போதும் இஜாஸாவை எழுதிக் கொடுத்தவர் ஆசிரியரே, மத்ரஸா அன்று. எனவே தகுதி என்பது நம்பிக்கையினாலாய சங்கிலியாக இருந்தது. அதே நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த மர்வு நாட்டுக் கரீமா என்னும் பெண்மணி, ஸஹீஹுல் புகாரியைப் பிழையற அறிவிப்பதில் பெயர் பெற்றிருந்தார். பக்தாதின் வரலாற்றாசிரியரான அல்-கதீப் அவரிடம் சென்று அந்நூலைக் கேட்டார். கரீமாவின் தகுதியை உறுதிப்படுத்த எந்தச் சபையும் கூடவில்லை. அஸ்ஹர் பெண்களுக்கென ஒரு பீடத்தைத் திறந்தது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

இப்பழைய முறையை நாம் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. குடும்பச் செல்வாக்கும் புரவலர் தயவும் அதிலும் இருந்தன. தவழும் குழந்தைகளுக்குக்கூட இஜாஸா வாங்கி வைத்த பெற்றோர் இருந்தனர். ஆனால் ஒன்று மட்டும் அதில் இல்லை: எல்லா ஆலிம்களின் பெயர்களையும் கொண்ட ஒரு பதிவேடும், அதிலிருந்து ஒரு பெயரை வெட்டும் அதிகாரமுள்ள ஒரு கையும்.

10ஆம் நூற்றாண்டில் பாத்திமியர் கட்டிய அஸ்ஹர் பள்ளிவாசலிலும் 1872 வரை இந்நிலையே நீடித்தது. ஆசிரியர் ஒரு தூணருகே அமர்வார். மாணாக்கர் அவரைச் சூழ்ந்திருப்பர். போதிக்கத் தன்னால் இயலும் எனக் கருதிய மாணாக்கன், தன் ஆசிரியர்களின் இசைவுடன் ஒரு தூணைத் தேர்ந்து அமர்ந்து பாடம் நடத்தத் தொடங்குவான். மூத்தோரும் சகபாடிகளும் வந்து கேள்விகளால் அவனைத் துளைப்பர். தாக்குப்பிடித்தால் அவன் ஆசிரியன். தடுமாறினால் எழுந்து போக வேண்டியதுதான். கடுமையான முறைதான். எனினும் தோற்றவன் மறுமுறை வந்து அமர்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கெதீவ் இஸ்மாயிலின் காலத்தில், 1872இல், முதன்முறையாக ஆலிம் பரீட்சை ஒன்று சட்டத்தால் விதிக்கப்பட்டது. உஸூல், பிக்ஹு, தௌஹீத், ஹதீஸ், தப்ஸீர், இலக்கணம், அணியியல், தருக்கம் முதலாகப் பதினொரு பாடங்கள். ஹனபி, ஷாபிஈ, மாலிக்கி மத்ஹபுகளிலிருந்து இருவர் வீதம் 6 பரீட்சகர்கள். சித்தியடைவோர்க்கு மூன்று தரங்கள். இதனை வெறும் கல்விச் சீர்திருத்தமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அஸ்ஹரில் சேர்ந்திருத்தல் நாளாந்த ரொட்டிப் பங்கீட்டுக்கும் இராணுவ சேவை விலக்குக்கும் வழியாக இருந்தது. யார் ஆலிம், யார் மாணாக்கன், யார் இரண்டுமல்லாதவன் என அறிய வேண்டிய தேவை, மக்களை எண்ணவும் வரி விதிக்கவும் படைதிரட்டவும் தலைப்பட்ட நவீன அரசுக்கு இருந்தது.

புதிய பரீட்சை எவ்வாறு பயன்படக்கூடும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. 1877இல் இளைஞரான முஹம்மத் அப்துஹு பரீட்சைக்குத் தோற்றியபோது, ஜமாலுத்தீன் அல்-ஆப்கானியின் மாணவர் என்பதும், முஃதஸிலாக் கருத்துகளின்பால் சாய்வுடையவர் என்ற பேச்சும் அவருக்கு முன்னரே மண்டபத்துள் நுழைந்திருந்தன. அவரைத் தோல்வியுறச் செய்வதென்று பரீட்சகர் சிலர் முன்னரே தீர்மானித்திருந்தனர் என்பர். ஈற்றில் இரண்டாந் தரத்தில் அவர் சித்தியடைந்தார். பிற்காலத்தில் எகிப்தின் முப்தியாகிய ஒருவரின் கதை இது! 1912இல் அதே பரீட்சையில் தோற்ற தாஹா ஹுஸைன், தம் தோல்வியும் முன்கூட்டியே முடிவானதொன்று என்று தமது சுயசரிதையில் எழுதியுள்ளார். முன்னர் தூணருகே எல்லோர் முன்னிலையிலும் நடந்த சோதனை, இப்போது மூடிய கதவுக்குள் ஒரு சிலரின் கையில் அடங்கியது.

சான்றிதழ் பெறுமதி பெற்ற அதே காலத்தில் அதன் பயன் சுருங்கியது என்பதே இவ்வரலாற்றின் முரண்பாடு. மொழியாசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தாருல் உலூம் 1872இலும், நீதிபதிகளைப் பயிற்றுவிக்க ஒரு தனிக் கல்லூரி 1907இலும், எகிப்தியப் பல்கலைக்கழகம் 1908இலும் தோன்றின. ஒரு காலத்தில் அஸ்ஹரிகளுக்கே உரியனவாயிருந்த உத்தியோகங்கள் ஒவ்வொன்றாக நழுவின. கைத்தொழிற் குழுவொன்று தன் தொழில் சுருங்கும்போது வாயிலை இறுகப் பூட்டிக்கொள்வதுபோல, அஸ்ஹரும் தன் சான்றிதழைக் காக்கத் தலைப்பட்டது.

1911ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தை இப்பின்னணியில் வைத்தே வாசித்தல் வேண்டும். மூத்த உலமாக்கள் சபை என 30 பேர் கொண்ட அமைப்பொன்றை அச்சட்டம் நிறுவியது. அதன் 101ஆம் பிரிவு, ஆலிமின் தகைமைக்கு ஒவ்வாத செயல் புரிந்த ஒருவரை, அச்சபையின் 19 உறுப்பினர்களின் இசைவுடன் ஷெய்குல் அஸ்ஹர் உலமா வரிசையிலிருந்து நீக்கலாம் என்றது. நீக்கப்பட்டவரின் பெயர் பதிவேடுகளிலிருந்து அழியும், சம்பளம் நிற்கும், சமயம் சார்ந்ததோ அல்லாததோ எப்பொது உத்தியோகமும் அவர் வகிக்க முடியாது. மேலே நாம் இல்லையெனக் கூறிய பதிவேடும் கையும் இங்கு ஒருங்கே வந்து சேர்ந்தன. அவற்றை வழங்கியது குர்ஆனோ ஹதீஸோ அன்று, சட்டவாக்கம்.

1924 மார்ச் 3ஆம் திகதி துருக்கி கிலாபத்தை ஒழித்தது. வெற்றிடமான அப்பதவியின்மீது எகிப்தின் புஆத் மன்னர் கண்வைத்திருந்தார் என்பது அக்காலத்தில் பரவலாக அறியப்பட்ட செய்தி. இந்நிலையிலேயே 'அல்-இஸ்லாம் வ உஸூலுல் ஹுக்ம்' என்னும் சிறிய நூலை அலி அப்துர் ராஸிக் 1925இல் வெளியிட்டார். கிலாபத் மார்க்கக் கடமையன்று. நபியவர்களின் பணி தூதுப்பணியே, அரசாட்சியன்று. முஸ்லிம்கள் தமக்கேற்ற ஆட்சிமுறையை அறிவாலும் அனுபவத்தாலும் அமைத்துக்கொள்ளலாம் என்பன அதன் சாரம். இதை எழுதியவர் ஐரோப்பியக் கல்வி மட்டும் பெற்ற ஒருவராயின் புறக்கணித்திருக்கலாம். அவரோ அஸ்ஹரின் சான்றிதழ் பெற்ற ஆலிம். இஸ்லாம் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை என்று சொல்வதற்கு, அவ்வுரிமையை முதலில் நீக்க வேண்டியிருந்தது.

சபை 7 குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. 101ஆம் பிரிவு ஒழுக்கக்கேட்டைப் பற்றியதேயன்றிக் கருத்தைப் பற்றியதன்று, எனவே தம்மை விசாரிக்கச் சபைக்கு அதிகாரமில்லை என அவர் எழுப்பிய ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவர் நீதியமைச்சர் அப்துல் அஸீஸ் பஹ்மி. அவர் அதனை உடனே நிறைவேற்றாது சட்ட நிபுணர்களின் கருத்தைக் கேட்டார். செப்டெம்பரில் பதவியை இழந்தார். அவருடைய லிபரல் அரசியலமைப்புக் கட்சியினர் அமைச்சரவையிலிருந்து வெளியேறினர். கூட்டரசாங்கம் குலைந்தது.

முற்போக்காளர் இவ்வரலாற்றை அறிவுக்கும் இருளுக்கும் இடையிலான போராட்டமாகவே எழுதி வந்துள்ளனர். எமக்கு அதில் முழு உடன்பாடில்லை. அப்துர் ராஸிக் மின்யா மாகாணத்துப் பெருநிலக்கிழார் குடும்பத்தவர். அக்குடும்பம் மேற்படி கட்சியின் தூண்களுள் ஒன்று. அவரை மறுத்த முஹம்மத் பகீத் எகிப்தின் முன்னாள் முப்தி. துனீசியரான முஹம்மத் அல்-கிழ்ர் ஹுஸைனும் ஆழ்ந்த புலமையாளர். பின்னவரின் மறுப்பு நூல் புஆத் மன்னருக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டது உண்மையே. எனினும் பிக்ஹு நூல்களில் ஆட்சி பற்றிக் குவிந்துள்ள விவாதங்களை அப்துர் ராஸிக் மேலோட்டமாகவே தொட்டுச் சென்றார் என்ற அவர்களின் குறை நியாயமானதே. நூலுக்கு நூலால் விடையளிக்க வல்லோர் கெய்ரோவில் இருந்தனர் என்பதற்கு இம்மறுப்புகளே சான்று. அவை அச்சேறுவதற்கு முன்னரே பதிவேடு திறக்கப்பட்டுவிட்டது என்பதுதான் எமது முறைப்பாடு.

பிந்திய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறலாம். 1945இல் பாறூக் மன்னர், அப்துர் ராஸிக்கின் சகோதரரும் மெய்யியற் பேராசிரியருமான முஸ்தபாவை ஷெய்குல் அஸ்ஹராக நியமித்தார். மூத்த உலமாக்கள் சபையின் உறுப்பினராக முஸ்தபா இருந்ததில்லை; அதற்கேற்பச் சட்டம் திருத்தப்பட்டது. 1947இல் அலி அப்துர் ராஸிக்கின் பெயர் உலமாக்களின் வரிசையில் மீளவும் சேர்க்கப்பட்டது. 1948 டிசம்பரில் அவர் வக்பு அமைச்சரானார். பள்ளிவாசல்களைப் பராமரித்து, இமாம்களை நியமித்து, அவர்களுக்குச் சம்பளமும் வழங்கிய அமைச்சு அது.