இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு போர்: ட்ரெயிலர்கள் எங்களை எப்படி உணர வைக்கின்றன?

கடைசியாகப் பார்த்த போர்ப்பட ட்ரெயிலர் ஒன்றை ஒருக்கா நினைத்துப் பாருங்கோ. முதலில் கறுப்புத் திரை. எங்கேயோ தூரத்தில் ஒரு இரைச்சல். ஒரு பிள்ளையின் முகம் வந்து மறைகிறது. திரும்பவும் கறுப்பு. பிறகு நெஞ்சுக்குள் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஓடுகிற கால்கள், நெருப்பு, ஒரு வசனம், கடைசியில் படத்தின் பெயர். எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை நிமிஷம்தான். கதை என்னவென்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது. ஆனால் யாருக்காகப் பாவப்பட வேண்டும், யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கதை தெரிய முதலே உணர்வு வந்துவிடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? எங்கட ஆக்களுக்கு இது வெறும் சினிமாக் கேள்வி இல்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஏ.எல். படிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இறுப்பிட்டியில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், போரின் முதல் படம் அவர்களில் பலருக்குப் போன் திரை வழியாகத்தான் வருகிறது. அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

வால் முன்னுக்கு வந்த கதை

ட்ரெயிலர் என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். ஆரம்பத்தில் இந்தத் துண்டுகள் படம் முடிந்த பிறகுதான் காட்டப்பட்டன. 1913இல் நியூயோர்க்கில் மார்கஸ் லோவின் தியேட்டர்களுக்கு விளம்பர வேலை பார்த்த நில்ஸ் கிரான்லண்ட், ஒரு மேடை இசைநாடகத்துக்காக இப்படியொரு துண்டைச் செய்தார். முதல் ட்ரெயிலர் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். படம் முடிந்ததும் சனம் எழும்பிப் போய்விடும்; கடைசியில் போட்டால் யார் பார்ப்பது? அதனால் வால் முன்னுக்கு வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1916 ஓகஸ்டில், பிரித்தானியத் தியேட்டர்களில் ‘சோம் யுத்தம்’ என்ற படம் வெளியானது. சோம் நதிக்கரையில் சண்டை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. ஜெப்ரி மாலின்ஸ், ஜோன் மக்டொவல் என்ற இரண்டு கமராக்காரர்கள் எடுத்த அந்தப் படத்துக்கு ஆறு கிழமைக்குள் ஏறத்தாழ இரண்டு கோடி ரிக்கெற் விற்றதாகச் சொல்லப்படுகிறது. தங்கள் பிள்ளையின் முகம் எங்காவது தெரியுமா என்று தேடிப் போனவர்களும் அதற்குள் இருந்தார்கள்.

அந்தப் படத்தில் சனத்தை அதிகம் உலுக்கியது, பதுங்குகுழியிலிருந்து சிப்பாய்கள் ஏறிப் பாய்வதும் ஒருவர் சரிந்து விழுவதுமான காட்சி. அது நிஜச் சண்டை இல்லை, முன்னரங்குக்குப் பின்னால் வைத்து நடித்து எடுத்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். அதே படத்திலுள்ள காயப்பட்டவர்களும் இறந்தவர்களும் நிஜம். நிஜமும் நடிப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டன. பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அதன் பிறகு வந்த போர்ப்பட ட்ரெயிலர்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஒட்டுவேலையின் பிள்ளைகள்தான்.

முகத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

இந்த ஒட்டுவேலைக்கு என்ன சக்தி இருக்கிறது என்பதை ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் சோதித்துப் பார்த்தார். ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதே ஷொட்டை ஒரு தடவை சூப் கோப்பைக்குப் பக்கத்திலும், ஒரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், இன்னொரு தடவை ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு அதில் பசி தெரிந்தது, துக்கம் தெரிந்தது, ஆசை தெரிந்தது.

படத்துக்குள் ஒரு முகம் வந்தால் அதற்கு முன்னும் பின்னும் பத்து நிமிஷம் இருக்கும். அந்த ஆள் யார், ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பது தெரியும். ட்ரெயிலரில் முகத்துக்கு ஒரு செக்கன்தான். அதன் முழு அர்த்தமும் பக்கத்து ஷொட்டில் தங்கியிருக்கிறது. ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்த ஷொட்டில் தொட்டில் வந்தால் அவள் தாய், குண்டு வெடித்தால் அவள் பயங்கரவாதி. அந்த நடிகை இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் பார்த்திருப்பார்.

காதால் வருகிற பயம்

ஒரு போர்ப்பட ட்ரெயிலரைச் சத்தத்தை நிப்பாட்டிவிட்டுப் பாருங்கோ. முக்கால்வாசிப் பயம் போய்விடும்.

கிறிஸ்தோபர் நோலனின் ‘டன்கேர்க்’ (2017) படத்துக்கு இசையமைத்தவர் ஹான்ஸ் சிம்மர். நோலனின் சொந்தக் கைக்கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைப் பதிவு செய்து அதை இசைக்குள் சேர்த்தார். ட்ரெயிலரிலும் அந்த டிக் டிக் ஓடுகிறது. எதிரியின் முகத்தைக் காட்டத் தேவையில்லை, நேரம் முடியப்போகிறது என்ற உணர்வே போதும். அதோடு ‘ஷெப்பர்ட் தொனி’ என்றொரு தந்திரமும் இருக்கிறது. 1964இல் ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் விவரித்தது அது. பல சுருதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே போகிறதை மெல்ல மங்க விட்டு, கீழிருந்து புதிசாய் ஒன்றைக் கொண்டுவருவார்கள். காதுக்குச் சத்தம் ஏறிக்கொண்டே போவது மாதிரி இருக்கும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராது. முடியாத ஏணி ஒன்றில் ஏறுகிற அந்தரம்.

2022இல் வந்த ஜெர்மன் படம் ‘மேற்கு முனையில் எல்லாம் அமைதி’யில் அடிக்கடி மூன்று சுரம் இடி மாதிரி விழும். ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைப்போம். அது ஒரு ஆர்மோனியம். இசையமைப்பாளர் வோல்கர் பேர்ட்டெல்மான் தன் பூட்டியின் பழைய ஆர்மோனியத்தை எடுத்து, அதன் ஒலியை உடைத்துப் பெருப்பித்துச் செய்தது. 2023இல் அதற்கு ஒஸ்கார் கிடைத்தது. எங்கட ஊர்களில் இசைநாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த கைகளை நினைத்தால் ஆச்சரியமாய் இருக்கும்: அதே துருத்தி, அதே காற்று.

சத்தம் என்று வந்தால் எங்கட சனத்துக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். படம் பார்ப்பதென்றால் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, விடிய விடியப் பார்த்தார்கள். ஆகாயத்தில் வருகிறது பொம்மரா, ஹெலியா, அவ்ரோவா என்று பிள்ளைகள்கூடச் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். பிறகு வன்னியில் ஆளில்லா வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் ‘வண்டு’. ட்ரெயிலர்க்காரர் ஒரு மெல்லிய ரீங்காரத்தைப் போட்டுப் பயம் காட்டுகிறபோது, மற்றவர்களுக்கு அது ‘த்ரில்’. எங்கட அம்மம்மாமாருக்கு அது, பங்கருக்குள் பாய எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கணக்கு.

நிறமும் நடுக்கமும்

போர் என்றால் சாம்பல் நிறம் என்று ஏன் எங்கட மனதில் பதிந்திருக்கிறது? அதற்கு ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) ஒரு பெரிய காரணம். ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி லென்ஸ்களின் பாதுகாப்புப் பூச்சை எடுத்துவிட்டார், நிறத்தை வடித்தார், ஷட்டரை வழக்கத்தைவிட ஒடுக்கி வைத்தார். ஷட்டர் ஒடுங்கினால் அசைவின் மங்கல் குறைந்துவிடும். பறக்கிற மண்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாய்த் துடிக்கும். பழைய செய்திப்படத்தைப் பார்க்கிற உணர்வு வரும்.

அதன் பிறகு அந்தச் சாம்பலும் நடுக்கமும் போரின் சீருடை மாதிரி ஆகிவிட்டன. நிறம் வடிந்தால் உண்மை, கமரா ஆடினால் நேரில் பார்த்தது என்று எங்கட கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் நாங்கள் அறிந்த போர் நல்ல வெயிலில், பச்சைப் பனைக்கும் நீலக் கடலுக்கும் நடுவில்தான் நடந்தது. அந்த நிறங்களோடு எடுத்தால் ‘போர் மாதிரி இல்லையே’ என்று எங்களுக்கே தோன்றலாம்.

எங்கட போர், மற்றவர்களின் ட்ரெயிலர்

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் வந்தது. இலங்கையில் நடப்பதாக வரும் காட்சிகளையும் இந்தியாவில்தான் எடுத்தார்கள். ஒரு சிறுமியின் கண்ணால் போரைப் பார்க்கிற படம் அது. அதன் எடிட்டிங்குக்கும் ஒலிப்பதிவுக்கும் இசைக்கும் தேசிய விருது கிடைத்தது. குறைகள் சொல்லலாம். ஆனால் சனம் ஊரை விட்டு நடந்து போவதைக் காட்டும்போது அந்தப் படம் அவசரப்படவில்லை, நீளமாய் நடக்க விட்டது. அந்த நீளத்தில்தான் துக்கம் இருக்கிறது. ட்ரெயிலரால் கொடுக்க முடியாதது அந்த நீளம்.

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ எங்களுக்கு இன்னும் கிட்ட. அதன் நாயகன் அந்தோனிதாசன் யேசுதாசன், எழுத்தாளர் ஷோபாசக்தியாக எல்லாருக்கும் தெரிந்தவர், அல்லைப்பிட்டியில் பிறந்தவர். இறுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது தாண்டுகிற ஊர். படத்தில் போர் முடிந்து பரிஸுக்கு வந்த பிறகு ஒரு ஷொட் வரும். இருட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மினுங்கிக்கொண்டு எங்களை நோக்கி வருகின்றன. என்னவென்று தெரியாது. கிட்ட வந்த பிறகுதான் தெரியும், தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கிற தீபன் தலையில் மாட்டியிருக்கிற மினுக்கு லைற். ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு வெடி இல்லை. போர் ஒரு மனிதனை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதை அந்த வெளிச்சம் சொல்லிவிடுகிறது. படத்தின் கடைசிப் பகுதி துப்பாக்கிச் சண்டையாக மாறியதைப் பலர் விமர்சித்தார்கள். இப்படியொரு படத்துக்கு ட்ரெயிலர் வெட்டுகிறவர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது: மினுக்கு லைற்றா, துப்பாக்கியா? எதை முன்னுக்கு வைக்கிறாரோ அதுதான் சனம் தியேட்டருக்குக் கொண்டுபோகும் மனநிலை.

மூன்றாவது ‘த ஃபாமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பாகம். அதன் ட்ரெயிலர் 2021 மே 19 அன்று வந்தது, முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு அடுத்த நாள். ஈழத்தமிழ்ப் போராளியாகச் சமந்தா. தோல் நிறம் கறுப்பாக்கப்பட்டிருந்தது, அதற்கே விமர்சனம் எழுந்தது. மே 24 அன்று தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரைத் தடுக்கும்படி ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். தொடர் வெளியானது ஜூன் 4. அதாவது இந்தச் சண்டை முழுக்க ட்ரெயிலரை வைத்துத்தான் நடந்தது. இயக்குநர்கள் ராஜும் டிகேயும், ட்ரெயிலரிலுள்ள ஓரிரு ஷொட்டுகளை வைத்து முடிவுக்கு வரவேண்டாம், முழுத்தொடரையும் பாருங்கள் என்ற கருத்தில் அறிக்கை விட்டார்கள்.

கேட்க நியாயமாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஓரிரு ஷொட்டுகளை வைத்து எங்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதற்காகத்தானே ட்ரெயிலரையே செய்கிறார்கள்? அந்த முடிவு ‘பார்க்கவேணும்’ என்று வந்தால் வெற்றி, ‘இது எங்களை அவமதிக்கிறது’ என்று வந்தால் மட்டும் அவசரமா? தடை கேட்பது சரியா என்பது வேறு விவாதம். தொடரைப் பார்க்காமலே கோடிக்கணக்கான ஆக்கள் அந்த ட்ரெயிலரைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பதுதான் நாங்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இறுப்பிட்டிக்கு ஒரு ட்ரெயிலர் வெட்டினால்?

இனி எங்களைப் பார்ப்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புங்குடுதீவுச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. விட்டுவிட்டுப் போன வீடுகளைச் சுற்றி ஆலும் பற்றையும் வளர்ந்து நிற்கின்றன. அவற்றை ட்ரோனில் எடுத்து, புல்லாங்குழலோ வயலினோ போட்டு, நிறத்தைக் கொஞ்சம் வடித்து யூரியூப்பில் விட்ட வீடியோக்கள் கனக்க இருக்கின்றன. பார்த்தால் எங்களுக்கும் கண் கலங்கும். ஆனால் கவனியுங்கோ: மேலிருந்து எடுக்கும்போது ஆக்கள் தெரியமாட்டார்கள். இசை போட்டால் ஊரின் சத்தம் கேட்காது. இன்றைக்கும் அங்கே இருந்து, உவர்த் தண்ணியோடு மல்லுக்கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

கடலும் அப்படித்தான். ட்ரெயிலரில் இருட்டுக்கடல் ஒன்று வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். எங்கட கடலில் நடந்தும் இருக்கிறது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அது நடந்தது பகல் வெளிச்சத்தில். அதே குமுதினி அதற்குப் பிறகும் நீண்டகாலம் நெடுந்தீவுச் சனத்தை ஏற்றியிறக்கியது. அதில் திரும்ப ஏறிய முதல் ஆளின் மனநிலைக்கு எந்த ட்ரெயிலர் இசையைப் போடுவது?

இந்த நுட்பங்கள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. ஒரு கத்தியால் மீனும் வெட்டலாம். எங்கட கதையை எடுக்கப்போகிறவர்களும் இதே வெட்டை, இதே மௌனத்தை, இதே கறுப்புத் திரையைத்தான் பாவிக்கப் போகிறார்கள். அடுத்த முறை ஒரு போர்ப்பட ட்ரெயிலர் வந்தால் மூன்று தரம் பாருங்கோ. ஒரு தரம் முழுசாய். ஒரு தரம் சத்தமில்லாமல். ஒரு தரம் ஒவ்வொரு முகத்திலும் நிப்பாட்டி, பக்கத்து ஷொட்டை மறைத்துவிட்டு, இந்த ஆள் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கோ. பிறகு போனை எடுத்துக்கொண்டு உங்கட ஊர் ஒழுங்கைக்குள் இறங்கி இரண்டு நிமிஷம் எடுங்கோ. இசை போடாதேங்கோ. பனையோலை உரசுவதும், யாரோ யாரையோ கூப்பிடுவதும், தண்ணி பவுசர் வருகிற சத்தமும் அப்படியே இருக்கட்டும்.